பத்மநாபனுக்கு எழுதிய ஆதாரம்

கிழக்கே தோவாளைக் கோட்டை, மேற்கே கவணாறு. இந்த இரண்டு எல்கைக்கும் நடுவில் உள்ள நிலம், அதிகாரம், பதவி, மரியாதை சகலத்தையும் ஸ்ரீபத்மநாப சுவாமிக்கே கொடுத்துவிட்டதாகக் கொல்லம் ஆண்டு 925, மகரம் 5-ஆம் தேதி ஓர் ஓலை எழுதப்பட்டது. இங்கிலீஷ் கணக்கில் 1750 ஜனவரி. எழுதிக் கொடுத்தவர் திருவிதாங்கூர் ராஜா அனிழம் திருநாள் மார்த்தாண்ட வர்மா. திருவனந்தபுரம் கோயிலில் உடைவாளைச் சன்னிதிப் படியில் வைத்தார். நாட்டைப் பெருமாளுக்கு ஒப்புவித்தார். அதே வாளைப் பெருமாளின் ஆளாகத் திரும்ப எடுத்துக்கொண்டார். அன்று முதல் அவர் பத்மநாபதாசர். அவருக்குப் பின்னால் வந்த ராஜாக்கள் அத்தனை பேரும் அப்படியே. இந்தச் சடங்குக்குத் திருப்படித்தானம் என்று பேர்.

நான் ஆதாரம் எழுதிப் பிழைத்தவன். கல்குளம் தாலுகாவில் சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸ் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்து விலையாதாரம், ஒற்றி ஆதாரம், தானம், பாகம் எல்லாம் எழுதியிருக்கிறேன். ராஜா காலத்துச் சங்கு முத்திரை போட்ட பழைய பத்திரங்களைப் படித்துச் சொல்லும் வேலையும் வரும். மலையாளத்தில் எழுதிய ஆதாரங்களைத் தமிழில் படித்துக் காட்ட ஆள் தேவைப்பட்ட ஊர் இது. அந்தப் பழக்கத்தில் திருப்படித்தானத்தையும் நான் பக்தி இலக்கியமாகப் படிக்கவில்லை. தான ஆதாரமாகத்தான் படித்தேன். எங்கள் தொழிலில் முதலில் கேட்பது முன்னாதாரம். கொடுக்கிறவருக்கு அந்தச் சொத்து எப்படி வந்தது?

1729-இல் மார்த்தாண்ட வர்மா பட்டத்துக்கு வந்தபோது வேணாடு என்ற பழைய பேரில் இருந்த திருவிதாங்கூர் ஒரு சின்ன நாடு. கஜானா காலி. வரி வசூலிக்க மதுரை நாயக்கரின் கூலிப்படையைக் கூப்பிட வேண்டியிருந்த நிலைமை. அதிலிருந்து இருபது வருஷத்தில் கொல்லம், காயங்குளம், அம்பலப்புழை, தெக்கங்கூர், வடக்கங்கூர் எல்லாம் அவர் கைக்கு வந்தன. காயங்குளம் விழுந்தது 1746-இல். வடக்கில் கடைசி இரண்டும் ஆதாரம் எழுதுவதற்குச் சற்று முன்புதான் பிடிபட்டவை. அதாவது கொடுத்த சொத்தில் பெரும்பகுதி நேற்று வரை வேறொருவர் பேரில் இருந்தது. பிடித்த இடத்தை உடனே இன்னொருத்தர் பேருக்கு மாற்றிவிடுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டு கை மாறிவிட்டால் பழைய வில்லங்கத்தைத் தோண்ட ஆள் வராது. அந்த இரண்டாவது கை கடவுளின் கையாக இருந்தால் தோண்ட நினைப்பதே பாவம்.

பட்டத்துக்கு வந்த கதையும் சுத்தமானதில்லை. மருமக்கள்வழிப்படி மருமகனுக்கு அரசு. மறைந்த ராஜா ராமவர்மாவின் மகன்கள் பப்புத் தம்பியும் ராமன் தம்பியும் எங்களுக்கும் பாத்தியம் உண்டு என்று கிளம்பினார்கள். மருமகன் அவர்களை நாகர்கோவில் அரண்மனையில் வைத்துத் தீர்த்தார். அரசாங்கச் சரித்திரங்களில் அவர்கள் துரோகிகள். எங்கள் பக்கத்து வில்லுப்பாட்டில் வலிய தம்பி, குஞ்சுத் தம்பி என்று பேர் சொல்லிப் பாடுகிறார்கள். அங்கே அவர்கள் அநியாயமாகச் செத்தவர்கள், தெய்வமானவர்கள். சண்டைக்குக் காரணமே அவர்கள் தங்கச்சியை ராஜா பெண் கேட்டதுதான் என்று பாட்டு சொல்லும். அவளும் உயிரை விட்டாள். கொலைப்பட்டவனைச் சாமியாக்கிக் கும்பிடுவது தென்னாட்டு வழக்கம். கொன்றவனும் சாமி பேரில்தான் ஆண்டான் என்பதால் இரண்டு சாமிகளுக்கும் ஒரே ஊரில் விளக்கு எரிகிறது.

ராஜா பக்கத்துக் கதையிலும் தெய்வம் உண்டு. இளவரசராக எதிரிகளுக்குப் பயந்து ஓடியபோது நெய்யாற்றின்கரையில் ஒரு பையன் வந்து பலாமரப் பொந்தைக் காட்டி ஒளியச் சொன்னானாம். அந்தப் பையன் கிருஷ்ணன் என்று பிறகு தெரிந்ததாம். அங்கே கோயிலும் கட்டினார். அந்த மரத்துக்கு அம்மச்சிப் பிலாவு என்று பேர்.

அடுத்தது, வாங்கியவர் யார்? இங்கேதான் விஷயம் கனக்கிறது. பத்மநாபசுவாமி கோயில் அதுவரை ராஜாவின் கையில் இருந்ததில்லை. எட்டரை யோகம் என்ற சபைதான் அதை நடத்தியது. எட்டுப் பேருக்கு ஆளுக்கு ஒரு வாக்கு, ராஜாவுக்கு அரை வாக்கு. கோயில் நிலங்களில் வரி பிரித்தவர்கள் எட்டுவீட்டுப் பிள்ளைமார்: கழக்கூட்டம், செம்பழந்தி, பள்ளிச்சல், குளத்தூர் என்று வீட்டுப் பேரால் அறியப்பட்ட நாயர் பிரபுக்கள். மதிலகம் ஓலைகள் என்று சொல்லப்படும் கோயில் கணக்குகளில் ராஜாவே தண்டம் கட்டிய பதிவுகள் இருக்கின்றன. கோயிலைச் சேர்ந்த ஆளை ராஜாவின் ஆட்கள் கொன்றால் ராஜா பெருமாளுக்கு நிலமோ பணமோ கொடுத்துப் பிராயச்சித்தம் செய்ய வேண்டும். அரசனைக் கேள்வி கேட்க அந்த நாட்டில் இருந்த ஒரே இடம் அந்தக் கோயில்தான்.

யோகக்காரர்கள் ஏழைகளுக்கு இரங்கினவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்களும் பெருமாள் பேரைச் சொல்லித்தான் சேர்த்தார்கள். ஆனால் மார்த்தாண்ட வர்மா அவர்களைத் துடைத்த விதம் பயங்கரமானது. சதி செய்தார்கள் என்று பிள்ளைமாரைத் தூக்கில் போட்டார். வீடுகளை இடித்துக் குளம் தோண்டினார் என்றும், பெண்களையும் பிள்ளைகளையும் கடற்கரைத் துறைகளில் மீனவர்களுக்குக் கொடுத்தார் என்றும் பழைய சரித்திரக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள். கோயில் நிர்வாகம் ராஜா கைக்கு வந்தது. 1891-இல் சி.வி. ராமன் பிள்ளை எழுதிய ‘மார்த்தாண்ட வர்மா’ நாவலைப் படித்துத் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைமாரை வில்லன்களாகவே பார்த்துப் பழகிவிட்டோம்.

ஆக, தானம் வாங்கியவரின் வீட்டைக் கொடுத்தவர் முன்பே கைப்பற்றியிருந்தார். நம் கோர்ட்டுகள் கோயில் விக்கிரகத்தை மைனர் போலப் பாவித்துத்தான் சட்டம் பேசும். மைனர் பேரில் சொத்தை எழுதி வைத்துவிட்டு, மைனருக்குக் கார்டியனாகவும் தானே உட்கார்ந்து, மற்ற சொந்தக்காரர்களை ஊரை விட்டே விரட்டிய ஒருவரைக் கட்சிக்காரராக நினைத்துப் பாருங்கள். சுவாதீனம் ஓர் அங்குலம் நகரவில்லை. வசூல் அவர் கையில், படை அவர் கையில், கணக்கும் அவர் கையில்.

ராஜாவுக்குப் பக்தி இல்லை என்று சொல்ல வரவில்லை. 1686 தீவிபத்தில் சீரழிந்த கோயிலைத் திரும்ப எடுத்துக் கட்டினவர் அவர். கண்டகி நதியிலிருந்து வந்த 12,008 சாளக்கிராமங்களை வைத்துக் கடுசர்க்கரையில் பெருமாளின் திருமேனியைப் புதிதாகச் செய்வித்தார். சன்னிதிக்கு முன்னால் ஒற்றைக்கல் மண்டபத்தை அமைத்தார். அந்தக் கல்லில் விழுந்து கும்பிட்டவனின் உடைமையெல்லாம் பெருமாளுக்குச் சேரும் என்று நம்பிக்கை. அதனால் அங்கே விழுந்து கும்பிட ராஜாவுக்கு மட்டும்தான் பாத்தியம். நம்பிக்கையும் கணக்கும் ஒரே மனுஷனுக்குள் சண்டையில்லாமல் குடியிருக்கும். ஆதாரம் எழுத வருகிறவர்களிடம் தினம் பார்க்கிற சங்கதிதான் அது.

இப்படிச் செய்த முதல் ராஜாவும் இவரல்ல. ஒரிசாவில் 13-ஆம் நூற்றாண்டிலேயே அனங்கபீமன் புரி ஜகந்நாதரை அரசராக்கித் தன்னை அவருடைய பிரதிநிதி ஆக்கிக்கொண்டான். மேவாரில் ராணாக்கள் ஏகலிங்கநாதரின் திவான்கள். மார்த்தாண்ட வர்மாவுக்குப் பாடம் பக்கத்திலேயே கிடைத்திருக்கும். அம்பலப்புழையை ஆண்ட செம்பகச்சேரி ராஜா பிராமணர். அவரோடு சண்டை வந்தபோது திருவிதாங்கூரின் நாயர் படையாட்கள் பிராமணர் மேல் அம்பு விடத் தயங்கினார்கள் என்றும், சேனாதிபதி டிலனாய் தன் கிறிஸ்தவ, முஸ்லிம் ஆட்களை முன்னால் விட்டு ஜெயித்தார் என்றும் ஒரு கதை உண்டு. பாவபயம் யுத்தத்தை எப்படி நிறுத்திவிடும் என்று மார்த்தாண்ட வர்மா அங்கே பார்த்திருப்பார். அடுத்த தடவை அந்தப் பயம் தன் பக்கம் நிற்கும்படி ஏற்பாடு செய்துகொண்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. 1750-க்குப் பிறகு திருவிதாங்கூர் ராஜாவை எதிர்த்தால் அது சுவாமித் துரோகம்.

இந்த டிலனாய் 1741-இல் குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுக் கம்பெனிக்காரர். பிடித்தவர்களுக்கே சேனாதிபதியாகி 1777-இல் சாகும்வரை வேலை பார்த்தார். புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் லத்தீனிலும் தமிழிலும் எழுதிய அவருடைய கல்லறை இருக்கிறது. பத்மநாபனின் படையை நடத்தினவர் ஒரு கத்தோலிக்கர். அதில் ராஜாவுக்கு ஒரு சங்கடமும் இல்லை. ஆனால் நட்டாலத்து நீலகண்ட பிள்ளை விஷயத்தில் இருந்தது. அரண்மனை உத்தியோகஸ்தரான அவர் டிலனாயின் பழக்கத்தில் 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் பிள்ளை ஆனார். 1749-இல் கைது. எருமை மேல் ஏற்றி ஊர் ஊராகச் சுற்றி அடித்தார்கள். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடி மலையில் சுட்டுக் கொன்றார்கள். ஆதாரத்தின் கிழக்கு எல்கையான தோவாளை அங்கிருந்து கூப்பிடு தூரம். 2022-இல் ரோமில் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது எங்கள் ஜில்லாவில் பழைய வாதம் திரும்பக் கிளம்பியது: கொன்றது மதம் மாறியதற்காகவா, ராஜதுரோகத்துக்காகவா? இரண்டையும் பிரிக்க முடியாதபடி ராஜா 1750-லேயே ஒரே ஓலையில் கட்டிவிட்டார். சேனாதிபதி வேண்டியவர், அவருக்கு விலக்கு. உத்தியோகஸ்தர் வேண்டாதவர், அவருக்குத் துப்பாக்கி.

ஆதாரம் எழுதின அதே காலத்தில் இன்னொரு வேலையும் நடந்தது. அதைப் பற்றி யாரும் பாட்டுக் கட்டவில்லை. பள்ளியாடி மல்லன் சங்கரன் என்ற அதிகாரி நிலத்தையெல்லாம் அளந்து தேவசுவம், பிரம்மசுவம், தானம், பண்டாரவகை என்று பிரித்துக் கண்டெழுத்து முடித்தார். 1743-இல் மிளகு சர்க்கார் ஏகபோகம் ஆயிற்று. விளைவித்தவன் சர்க்கார் விலைக்குச் சர்க்காரிடம்தான் கொடுக்க வேண்டும். நிர்வாகத்தின் தலையில் ராமய்யன் தளவாய், திருநெல்வேலிச் சீமைக்காரர். வரவும் செலவும் முன்கூட்டியே எழுதிய பதிவுக் கணக்கு வந்தது. ஆறு வருஷத்துக்கு ஒருமுறை 56 நாள் வேதம் ஓதும் முறைஜபம், பிராமணர்களுக்கு இலவசச் சாப்பாடு போடும் ஊட்டுப்புரைகள், பொன் பாத்திரத்துக்குள் இறங்கி எழுந்து குலசேகரப் பெருமாள் என்று பட்டம் சூடும் இரணியகர்ப்பம் என்று செலவுகளும் பெருகின.

பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகிறவர்கள் உப்பரிகை மாளிகையைப் பார்க்காமல் வரக்கூடாது. மார்த்தாண்ட வர்மா 1750 வாக்கில் கட்டியது. கல்குளம் என்ற பழைய பேரை மாற்றி ஊருக்கே பெருமாள் பேரை வைத்ததும் அவர்தான். மாளிகையின் கீழ்த்தட்டில் கருவூலம். அதற்கு மேலே 64 மூலிகை மரங்களால் செய்ததாகச் சொல்லும் ராஜாவின் கட்டில். எல்லாவற்றுக்கும் மேலே, சுவரெல்லாம் சித்திரம் எழுதிய தட்டு, பத்மநாபனுக்கு. திருப்படித்தானத்தின் வரைபடம் வேண்டுமென்றால் அந்த மாளிகையைப் பாருங்கள்.

பணம் கொடுத்தவர்கள் பக்கம் வருவோம். பனையேறிக்குத் தலைக்கு வரி, ஏணிக்கு வரி, தளைநாருக்கு வரி. கோயிலுக்கும் ஊட்டுப்புரைக்கும் சுமை தூக்குவது ஊழியம், கூலி கிடையாது. சர்க்காருக்கே சொந்தமாக அடிமைகள் உண்டு. 1855-இல்தான் அந்த வழக்கம் சட்டப்படி நின்றது. பெண்கள் மேல்முண்டு போட 1859 வரை அடி வாங்க வேண்டியிருந்தது. ஊழியம் செய்தவனுக்குக் கோயிலுக்குப் போகிற வழியில் நடக்கவும் அனுமதியில்லை. அவன் தூக்கின அரிசி உள்ளே போகும்.

1809-இல் சாமித்தோப்பில் பிறந்த குழந்தைக்கு முடிசூடும் பெருமாள் என்று பேர் வைத்தார்கள். மேல்சாதிக்காரர்கள் ஒப்பவில்லை. முத்துக்குட்டி என்று மாற்றினார்கள். அவர்தான் பிறகு வைகுண்டர். தலைப்பாகை கட்டக்கூடாது என்றிருந்த ஆட்களிடம் தலைப்பாகை கட்டிக்கொண்டு சாமி கும்பிடச் சொன்னார். சாமி இருக்கும் இடத்தில் கண்ணாடியை வைத்தார். ராஜாவை நீசன் என்றும் வெள்ளைக்காரனை வெண்ணீசன் என்றும் சொன்னார். சுவாதித் திருநாள் காலத்தில் அவரைப் பிடித்துத் திருவனந்தபுரம் சிங்காரத்தோப்பில் அடைத்துவைத்தார்கள். பத்மநாபன் பேரை முத்திரையாக வைத்துக் கீர்த்தனை செய்த ராஜா அந்தச் சுவாதித் திருநாள். இருக்கட்டும்.

எனக்கு முக்கியம் 1841-இல் எழுதப்பட்ட, வைகுண்டர் வழியினரின் வேதமான அகிலத்திரட்டு அம்மானை சொல்லும் ஒரு கதை. நாராயணர் ஸ்ரீரங்கத்தை விட்டுத் திருவனந்தபுரம் வந்து பள்ளிகொள்கிறார். சான்றோர் என்று அது அழைக்கும் பனையேறிகளை வரி போட்டு வதைக்கும் ராஜாவுக்குப் புத்தி சொல்கிறார். அவன் கேட்கவில்லை. பெருமாள் எழுந்து திருச்செந்தூருக்குப் போய்விடுகிறார். நான் பல தடவை நினைத்து ரசித்த இடம் இது. ராஜாவின் ஆதாரம் செல்லாது என்று இந்தக் கதை வாதாடவில்லை. தானம் வாங்கியவர் வீட்டைக் காலி செய்துவிட்டார், உன்னிடம் இருப்பது வெறும் ஓலை என்கிறது. பெருமாளின் பேரால் ஆளலாம் என்றால் பெருமாளின் பேரால் ராஜ்யத்தை ரத்தும் செய்யலாம் அல்லவா? அகிலம் எழுதியவர்களுக்கு ஆதாரம் எழுதத் தெரிந்திருக்கிறது.

ராஜா பக்கத்தில் மார்த்தாண்ட வர்மாவுக்குப் பின்னால் வந்தவர்களும் அதே ஓலையைத்தான் பிடித்துத் தொங்கினார்கள். 1766-இல் அடுத்த ராஜா கார்த்திகைத் திருநாள் பின்னால் பிடித்த நாடுகளையும் சேர்த்து இரண்டாம் திருப்படித்தானம் செய்தார். கூடுதல் சொத்துக்குப் பிழைதிருத்தல் ஆதாரம் மாதிரி. 1809-இல் இங்கிலீஷ் கம்பெனிக்குக் கப்பப் பாக்கி முற்றித் திவான் வேலுத்தம்பிக்கும் கம்பெனியின் ரெசிடென்டுக்கும் சண்டை வந்தபோது, வேலுத்தம்பி குண்டறை விளம்பரம் என்ற அறிவிப்பில் பேசியது கப்பத்தை மட்டுமல்ல. வெள்ளைக்காரன் கோயில்களில் சிலுவை நடுவான் என்று பயமுறுத்திச் சனங்களைக் கூப்பிட்டார். தலக்குளத்துக்காரர், எங்கள் ஊர் வீரர், சிலையெல்லாம் உண்டு. இருந்தாலும் அந்த விளம்பரத்தைப் படித்தால் கை கொஞ்சம் தயங்கும். அவர் செத்த சில வருஷங்களில் கர்னல் மன்றோ என்ற வெள்ளைக்காரர் ரெசிடென்டாகவும் திவானாகவும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து, முன்னூறுக்கு மேற்பட்ட கோயில்களையும் அவற்றின் நிலங்களையும் சர்க்காரோடு சேர்த்தார். பத்மநாபனின் சர்க்கார் மற்ற சாமிகளின் வயலை எடுத்துக்கொண்டது. பதிலுக்குப் பூஜைச் செலவைத் தருவதாகச் சொன்னது. 1865-இல் திவான் மாதவ ராவ் காலத்துப் பண்டாரப்பாட்ட விளம்பரம் வந்து, சர்க்கார் பாட்ட நிலத்தில் பயிர் செய்தவர்களுக்கே அது சொந்தம், விற்கலாம் வாங்கலாம் என்றது. நல்ல காரியம். எத்தனையோ குடும்பம் அதனால் பிழைத்தது, என் தொழிலும் அதனால்தான் பிழைத்தது. ஆனால் ஓலைப்படி நிலத்தின் உடைமைக்காரர் பெருமாள். அவரை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

பத்மநாபதாசர் வேஷம் போட்ட வம்சத்துக்கே அது கழற்ற முடியாமல் போனது 1949-இல். திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தபோது ராஜா சித்திரைத் திருநாள் புது மாநிலத்துத் தலைவரான ராஜப்பிரமுகர் ஆக வேண்டும். பத்மநாபனின் தாசனாக ஆள்கிறவன் இன்னொரு பதவிப் பிரமாணம் எடுக்க முடியாது என்று அவர் நின்றார். 1936-இல் எல்லா இந்துக்களுக்கும் கோயிலைத் திறந்துவிட்ட மனுஷர், வெறும் பிடிவாதக்காரர் இல்லை. வி.பி. மேனன் டெல்லியிலிருந்து வந்து பேசி, பிரமாணத்துக்குப் பதிலாக வேறு வழியில் உறுதி வாங்கிக் காரியத்தை முடித்தார். இருநூறு வருஷத்துக்கு முன் மூதாதை எழுதிய ஓலை, நம்பியவரைக் கட்டிப்போட்டுவிட்டது.

மன்றோ ஏற்றுக்கொண்ட பூஜைச் செலவோ அரசியல் சட்டத்துக்குள்ளேயே ஏறிவிட்டது. 290-ஏ பிரிவைப் பாருங்கள். கேரளம் வருஷாவருஷம் 46 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் திருவிதாங்கூர் தேவசுவத்துக்குக் கொடுக்க வேண்டும். 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி ஜில்லா இந்தப் பக்கம் வந்ததால், இங்குள்ள கோயில்களுக்குத் தமிழ்நாடு 13 லட்சத்து 50 ஆயிரம் கொடுக்க வேண்டும். தொகை இன்னும் அதேதான்.

2011-இல் சுப்ரீம் கோர்ட் உத்தரவில் பத்மநாபசுவாமி கோயில் நிலவறைகளைத் திறந்தபோது உலகமே பொன்னைப் பார்த்து வாய் பிளந்தது. 2020 ஜூலை 13 அன்று தீர்ப்பு: கோயிலைப் பரிபாலிக்கும் உரிமை ராஜ குடும்பத்துக்கு உண்டு, ஆனால் நிர்வாகத்தைக் குழுதான் நடத்தும். திருவனந்தபுரம் மாவட்ட நீதிபதி தலைவர். தலைமைத் தந்திரி ஒருவர், கேரள அரசின் ஆள் ஒருவர், மத்திய கலாசார அமைச்சகத்தின் ஆள் ஒருவர், குடும்பம் நியமிக்கும் ஆள் ஒருவர். எட்டரை யோகத்தில் ராஜாவுக்கு அரை வாக்கு இருந்தது. இந்த ஐவர் குழுவில் குடும்பத்துக்கு ஒன்று.